அயோவாவுக்குப் போகும் அம்மிணிக்கு

அன்புள்ள அம்மிணிக்கு,

விசா கிடைத்ததை உங்கம்மா போனில் சொன்னாள். நீ அனுப்பிய வாட்ஸ்அப் பேச்சையும் கேட்டேன். சந்தோஷத்தைவிடச் சலிப்புத்தான் அதில் தூக்கலாக இருந்தது. கூடப் படித்ததுகளெல்லாம் கலிஃபோர்னியா, டெக்சாஸ் என்று போக, உனக்கு மட்டும் அயோவா வாய்த்துவிட்டதாம். கூகுள் மேப்பில் எங்கே தொட்டாலும் மக்காச்சோளக் காடுதான் தெரிகிறதாம். மண்ணியல் படிக்கப் போகிற பிள்ளை பேசுகிற பேச்சா இது? வேளாண்மைத் துறையிலேயே காலம் தள்ளிய எனக்கு அந்த மாநிலத்தின் பேரைக் கேட்டால் மரியாதை வரும். கொஞ்சம் கோபமும் வரும். இரண்டையும் சொல்கிறேன், கேள்.

கிழக்கே மிசிசிப்பி ஆறு, மேற்கே மிசௌரி ஆறு, நடுவில் சுமார் 1,45,000 சதுர கிலோமீட்டர் பூமி. நம் தமிழ்நாட்டைவிடச் சற்றுப் பெரிது. ஜனமோ 32 லட்சம்தான்; நம் கோவை மாவட்டமே 2011 கணக்கில் அதைத் தாண்டிவிட்டது. பன்றிகள் மட்டும் 2 கோடிக்கு மேல். மக்காச்சோளம் ஏக்கருக்குச் சராசரி 5 டன் வருகிறது. அதில் பாதிக்கு மேல் எத்தனால் ஆலைக்குப் போய்விடும், மீதியில் பெரும்பகுதி தீவனம். மனிதன் வாயில் நேராகப் போவது சொற்பம். மின்சாரத்தில் பாதிக்கு மேல் காற்றாலையிலிருந்து வருகிறது. உடுமலைப் பக்கம் பார்த்துப் பழகியவளுக்கு அந்தக் காட்சியாவது அந்நியமாக இருக்காது.

ஆனால் மேப்பில் தெரியாத சங்கதி மண்ணுக்கு அடியில் இருக்கிறது. இருநூறு வருஷத்துக்கு முன்னால் அங்கே ஆளை மறைக்கும் உயரத்துக்குப் புல் நின்றது. அதன் வேர்கள் ஆழப் போய், ஆயிரக்கணக்கான வருஷம் மக்கிச் சேர்ந்ததுதான் அந்தக் கறுப்பு மண். நீ படிக்கப் போகிற ஏம்ஸ் இருக்கிற வட்டாரம் பனிப்பாறை இழைத்துவிட்டுப் போன சமவெளி. தண்ணீர் வடிய வழியில்லாமல் சதுப்பாகக் கிடந்தது. குடியேறியவர்கள் மூன்று நான்கு அடி ஆழத்தில் சுடுமண் குழாய்களைப் புதைத்து நீரை வடித்தார்கள். இப்போது பிளாஸ்டிக் குழாய். பழைய புல்வெளியில் ஆயிரத்தில் ஒரு பங்குகூட மிஞ்சவில்லை. பிரெய்ரி சிட்டி பக்கம் நீல் ஸ்மித் சரணாலயத்தில் அந்தப் புல்லை மறுபடி வளர்த்து, காட்டெருமைகளையும் விட்டிருக்கிறார்கள். பாடம் தொடங்கும் முன் அதைப் போய்ப் பார்த்துவிடு.

நிலத்தை வாழ வைத்த அந்தக் குழாய்தான் இன்றைக்கு வினையாகவும் இருக்கிறது. வயலில் போட்ட தழைச்சத்து நைட்ரேட்டாகி, மழைநீரோடு குழாய்க்குள் இறங்கி, வாய்க்கால் வழியாக ரக்கூன் ஆற்றில் கலக்கிறது. தலைநகர் டிமாய்ன் குடிப்பது அந்த ஆற்றுத் தண்ணீர்தான். நைட்ரேட்டைப் பிரித்தெடுக்க நகரத்தார் தனி ஆலையே கட்டியிருக்கிறார்கள். 2015-ல் அங்குள்ள குடிநீர் நிறுவனம் மூன்று கவுண்டிகளின் வடிகால் அமைப்புகள்மேல் வழக்குப் போட்டது. உழவன் ஒருபுறம், தண்ணீர் குடிப்பவன் ஒருபுறம் என்று மாநிலம் இரண்டுபட்டது. 2017-ல் வழக்கு தள்ளுபடியானது, நைட்ரேட் அப்படியே இருக்கிறது. நீ போனதும் யாராவது உன்னை ஒரு கட்சியில் சேர்க்கப் பார்ப்பார்கள். அவசரப்படாதே. முதலில் நிலம் யார் பேரில் இருக்கிறது என்று விசாரி. அங்கே விளைநிலத்தில் பாதிக்கு மேல் குத்தகை. அடுத்த வருஷம் காடு தன் கையில் இருக்குமா என்று தெரியாதவன் மண்ணுக்கு முதல் போடமாட்டான். இதை எந்தப் பேராசிரியரும் உனக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை.

நிலம் என்றால் அதைப் பறிகொடுத்தவர்களையும் கேட்க வேண்டும். 1832-ல் பிளாக் ஹாக் போர் முடிந்ததும், மிசிசிப்பியின் மேற்குக் கரையைப் பழங்குடிகளிடமிருந்து அமெரிக்க அரசு வாங்கிக்கொண்டது. 1846-ல் அயோவா 29-ஆவது மாநிலமானது. அதற்குள் மெஸ்க்வாக்கிப் பழங்குடி மக்களைக் கன்சாஸுக்கு விரட்டியாகிவிட்டது. சிலர் போகாமல் ஒளிந்திருந்தார்கள், சிலர் போய்த் திரும்பினார்கள். குதிரைகளை விற்று, கையிலிருந்ததைச் சேர்த்து, 1857-ல் டாமா பக்கம் 80 ஏக்கரை விலைக்கு வாங்கினார்கள். தங்கள் பூமியையே காசு கொடுத்து! இன்றைக்கு அவர்களிடம் 8,000 ஏக்கருக்கு மேல் இருக்கிறது.

இனி மனிதர்கள். ஜனாதிபதி ஹூவர் பிறந்த ஊர், ஜான் வேய்ன் பிறந்த வீடு என்று பலகை மாட்டி வைத்திருப்பார்கள். அவற்றை அவசரமில்லாமல் பார்த்துக்கொள்ளலாம். உனக்கு வேண்டியவர் ஜார்ஜ் வாஷிங்டன் கார்வர். மிசௌரியில் அடிமையாகப் பிறந்தவர். கன்சாஸில் ஒரு கல்லூரி இடம் கொடுத்துவிட்டு, நேரில் போனதும் நிறத்தைப் பார்த்துத் திருப்பி அனுப்பியது. அயோவாவின் சிம்ப்சன் கல்லூரி சேர்த்துக்கொண்டது. அவர் செடி வரைகிற அழகைப் பார்த்த ஓவிய ஆசிரியை, ஏம்ஸுக்குப் போய்த் தாவரவியல் படி என்றார். 1891-ல் போனார். நீ சேரப் போகிற அதே கல்லூரியின் முதல் கறுப்பின மாணவர், பிறகு முதல் கறுப்பின ஆசிரியர். அங்கே ஒரு பேராசிரியரின் சின்னப் பையனைக் கூட்டிக்கொண்டு காடு மேடெல்லாம் சுற்றிச் செடி காட்டினார். அந்தப் பையன் ஹென்றி வாலஸ்.

வாலஸ் பள்ளிக்கூட வயதிலேயே ஒரு சோதனை செய்தார். அப்போதெல்லாம் அழகான கதிருக்குப் பரிசு கொடுப்பார்கள். பரிசுக் கதிரின் விதையையும் மற்றதையும் தனித்தனியாக விதைத்து எடை போட்டதில், அழகுக்கும் மகசூலுக்கும் சம்பந்தமே இல்லை என்று தெரிந்தது. 1926-ல் வீரிய ஒட்டு மக்காச்சோள விதைக் கம்பெனி தொடங்கினார். வேளாண் அமைச்சராகி, துணை ஜனாதிபதியும் ஆனார். 1940-ல் மெக்சிகோ போய் அங்கத்திய மகசூலைக் கண்டு வருந்தி, அங்கே ஒரு வேளாண் திட்டம் தொடங்க ராக்பெல்லர் அறக்கட்டளையைத் தூண்டிவிட்டார். அந்தத் திட்டத்தில் 1944-ல் போய்ச் சேர்ந்தவர் கிரெஸ்கோ ஊர்ப்பக்கம் பிறந்த நார்மன் போர்லாக். அவருடைய குட்டைக் கோதுமையை இந்தியாவுக்கு வரவழைத்தவர் நம் கும்பகோணத்துக்காரர் எம்.எஸ்.சுவாமிநாதன். போர்லாக் ஏற்படுத்திய உலக உணவுப் பரிசு 1987-ல் முதன்முதலாகச் சுவாமிநாதனுக்குத்தான் கிடைத்தது. அந்தப் பணத்தை வைத்துத்தான் சென்னையில் ஆராய்ச்சி நிறுவனம் தொடங்கினார். பசுமைப் புரட்சியைத் திட்டுவது இப்போது நாகரிகம். அறுபதுகளில் கப்பல் கோதுமைக்கு ரேஷன் கடையில் நின்றவர்களிடம் அந்தப் பேச்சு எடுபடாது. மண்ணுக்கு அது செய்த கெடுதலையும் நான் மறுக்கவில்லை. அதைச் சரிசெய்யத்தானே நீ போகிறாய்?

அங்கத்திய விவசாயி என்றால் பெரிய பணக்காரன் என்று எண்ணிவிடாதே. எழுபதுகளில் ஏற்றுமதி ஏற, வங்கிகள் கூப்பிட்டுக் கூப்பிட்டுக் கடன் கொடுத்தன. பிறகு வட்டி எகிறியது. 1980-ல் ஜனாதிபதி கார்ட்டர் சோவியத்துக்குத் தானியம் போகக்கூடாது என்று தடை போட்டார். 1981-க்கும் 1986-க்கும் இடையில் நிலத்தின் விலை ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்கு விழுந்தது. தலைமுறை தலைமுறையாக உழுதவர்கள் ஏலத்தில் டிராக்டரை விட்டார்கள். அந்தப் பத்து வருஷத்தில் மாநிலத்தின் ஜனத்தொகையே 1 லட்சத்துக்கு மேல் குறைந்தது. அறுபது வயதுக்கு மேற்பட்ட எந்த விவசாயியிடம் பேசினாலும் இந்தக் கதை வரும். குறுக்கே பேசாமல் கேள்.

உன் தம்பியிடமும் ஒன்று சொல்லி வை. மின்னணு முறையில் கணக்குப் போட்ட ஆதிக் கணினிகளில் ஒன்றை அட்டனசாஃப், பெர்ரி என்ற இருவர் ஏம்ஸில்தான் செய்தார்கள். கல்லூரி காப்புரிமை எடுக்காமல் விட்டது. மூல யோசனை அட்டனசாஃபுடையது என்று 1973-ல் நீதிமன்றம் சொன்ன பிறகுதான் உலகம் திரும்பிப் பார்த்தது.

அதே 1973-ல் அயோவா சிட்டிக்குச் சர்வதேச எழுத்தாளர் திட்டத்துக்காகப் போய்த் தங்கினார் அசோகமித்திரன். அதிலிருந்து வந்ததுதான் 'ஒற்றன்'. பெட்டியில் மிளகாய்ப் பொடிக்குப் பக்கத்தில் அதற்கும் இடம் ஒதுக்கு. இந்த வயதில் அந்த மாநிலத்துக்குப் போகிறவள் படிக்க வேண்டிய முதல் புத்தகம் அதுதான்.

குளிர் மைனஸ் 20-க்கும் கீழே போகும். நல்ல கோட்டு அங்கேயே வாங்கிக்கொள், இங்கே வாங்கும் ஸ்வெட்டர் எதற்கும் ஆகாது. கறி வேண்டாம் என்றால் கூச்சப்படாமல் முன்கூட்டியே சொல்லிவிடு, அங்கே பீன்ஸிலும் பன்றிக்கறி போடுவார்கள். நம்மவர்களோடு மட்டும் ஒட்டிக்கொண்டு இரண்டு வருஷத்தை ஓட்டிவிடாதே. யாராவது ஒரு விவசாயி கூப்பிட்டால் அறுவடையின்போது அவர் காட்டுக்குப் போ.

நீ இறங்கும் ஆகஸ்டில் டாமாவில் மெஸ்க்வாக்கிகள் கூடி ஆடும் விழா நடக்கும். ஏம்ஸிலிருந்து ஒரு மணி நேர வண்டிதான். போய்விட்டு வந்து எனக்கு எழுது. போனில் சொல்லாதே, தாளில் எழுது.

அன்புடன்,
மாமா