கோர்ட் பூட்டியிருந்தால் ரிமாண்ட் நாள் கணக்கும் நிற்குமா?

கேள்வி: 2020 மார்ச்சில் ஒரு திருட்டு வழக்கில் என் தம்பியைக் கைது செய்தார்கள். 60 நாள் கடந்தும் போலீஸ் குற்றப்பத்திரிகை போடவில்லை. ஜாமீன் கேட்டோம். “கொரோனாவுக்காகக் காலக்கெடுவை எல்லாம் சுப்ரீம் கோர்ட்டே நீட்டித்துவிட்டது” என்று மனுவைத் தள்ளிவிட்டார்கள். வழக்கு இன்றும் வாய்தாவில்தான் ஓடுகிறது. அன்று செய்தது சரியா? இந்தத் தாமதத்தைக் காட்டி வழக்கையே ரத்து செய்யச் சொல்லலாமா?
– பெயர் வேண்டாம் என்ற தென்மாவட்ட வாசகர்

பதில்: அன்று செய்தது தவறு. அப்படிச் சொன்னதும் சுப்ரீம் கோர்ட்தான். அதுவும் உங்கள் பக்கத்து வழக்கில். மதுரை மாவட்டம் சமயநல்லூர் போலீஸ் 2020 பிப்ரவரி 21-இல் கைது செய்த ஒருவர், 73 நாள் கழிந்தும் குற்றப்பத்திரிகை வராததால் ஜாமீன் கேட்டார். குற்ற நடைமுறைச் சட்டம் 167(2)-இன்படி இது கேட்டால் கொடுத்தே ஆகவேண்டிய ஜாமீன். குற்றம் பெரிதா சிறிதா என்ற பேச்சே அங்கே கிடையாது. ஆனாலும் உயர் நீதிமன்ற மதுரைக் கிளை மே 11-இல் மறுத்தது. சுப்ரீம் கோர்ட் தானாக முன்வந்து மார்ச் 23-இல் போட்ட காலக்கெடு உத்தரவைக் காரணம் காட்டியது. இத்தனைக்கும் அந்த உத்தரவு ரிமாண்டுக்குப் பொருந்தாது என்று அதே கிளையில் இன்னொரு நீதிபதி மூன்று நாள் முன்புதான் தீர்ப்பளித்திருந்தார்!

ஜூன் 19-இல் நீதிபதி அசோக் பூஷண் தலைமையிலான மூவர் அமர்வு குழப்பத்தைத் தீர்த்தது. அப்பீலும் மனுவும் காலாவதியாகிவிடுமே என்று தவித்தவர்களுக்காகப் போட்டது மார்ச் உத்தரவு. போலீசுக்கு அந்தத் தவிப்பு ஏது? பொறுப்பு மேஜிஸ்திரேட்டிடம் குற்றப்பத்திரிகையைக் கொடுத்திருக்கலாமே. ஊரடங்கை உயர் நீதிமன்றம் நெருக்கடி நிலையோடு ஒப்பிட்டதையும் அமர்வு ஏற்கவில்லை. 1978-இன் 44-ஆவது திருத்தத்துக்குப் பிறகு, நெருக்கடி நிலையிலேயே உயிரையும் தனிமனிதச் சுதந்திரத்தையும் காக்கும் அரசியல் சட்டத்தின் 21-ஆவது பிரிவை நிறுத்திவைக்க முடியாது. சாதாரண ஊரடங்கு எம்மாத்திரம்?

இந்த ஜாமீன் உரிமை இப்போது, குற்ற நடைமுறைச் சட்டத்துக்குப் பதிலாக வந்த பி.என்.எஸ்.எஸ். சட்டத்தின் 187(3)-இல் இருக்கிறது. நாள் கணக்கில்தான் பலர் கோட்டை விடுகிறார்கள். கைதான நாளை விடுங்கள். மேஜிஸ்திரேட் ரிமாண்ட் செய்த நாளே முதல் நாள் (2023 தீர்ப்பு). 60 நாள் வரம்புள்ள வழக்கென்றால் 61-ஆம் நாள் காலை கோர்ட் உட்காரும்போது மனு உள்ளே இருக்க வேண்டும். மதியம் போலீஸ் குற்றப்பத்திரிகையோடு வந்து நின்றாலும் காலையில் கேட்ட ஜாமீன் போகாது. அவர்கள் முந்திக்கொண்டால் போச்சு.

ரத்து விஷயத்தில் உங்களுக்குப் பிடித்த பதில் என்னிடம் இல்லை. விரைவான விசாரணை 21-ஆவது பிரிவுக்குள் வரும் உரிமைதான்; 1991-இல் அந்துலே வழக்கில் ஐவர் அமர்வு அதை விரிவாகவே சொன்னது. ஆனால் ‘இத்தனை ஆண்டு ஆனால் வழக்கு தீர்ந்தது’ என்று கெடு வைக்க முடியாதென 2002-இல் எழுவர் அமர்வு முடித்துவிட்டது. தாமதம் யாரால் என்றுதான் பார்ப்பார்கள். கொரோனா மாதங்களை அரசுத் தரப்பின் தலையில் கட்ட எந்தக் கோர்ட்டும் ஒப்பாது என்றே நினைக்கிறேன்.

ஆகவே 2022-க்குப் பிறகான வாய்தாக்களைப் பாருங்கள். ஈ-கோர்ட்ஸ் தளத்தில் வழக்கு எண்ணைப் போட்டால் எந்த வாய்தா எதற்கு என்று வரும். உங்கள் வக்கீலே பாதி வாய்தா வாங்கியிருந்தால் ரத்து மனுவில் காசைக் கரைக்காதீர்கள். போலீஸ் சாட்சி வராமலே தள்ளிப்போயிருந்தால், இத்தனை மாதத்துக்குள் முடிக்க உத்தரவிடுங்கள் என்று உயர் நீதிமன்றத்தில் கேளுங்கள். ரத்தைவிட அது சுலபமாகக் கிடைக்கும்.