ஓவியமும் குழந்தைகளின் மொழித்திறனும்

காவிரி சூழ்ந்த ஸ்ரீரங்கப்பட்டணத் தீவில், திப்பு சுல்தான் 1784-இல் அமைத்த 'தரியா தௌலத்' என்னும் கோடை மாளிகை உள்ளது. அதன் மேற்குச் சுவரில், 1780 செப்டம்பரில் காஞ்சிபுரத்திற்கு அருகே புள்ளலூரில் நடைபெற்ற போர் தீட்டப்பட்டிருக்கிறது. சதுர அணிவகுப்பில் நிற்கும் ஆங்கிலப் படை, பல்லக்கில் கர்னல் பெய்லி, தீப்பற்றிய வெடிமருந்து வண்டி, பாய்ந்து வரும் குதிரைகள் ஆகியவற்றை அதில் காணலாம். வரலாற்றுச் சின்னமாகிய இச்சுவர், மொழிப் பாடத்திற்கும் தக்கதொரு சாதனமாகும்.

எழுத்தறியாக் குழந்தையும் இவ்வோவியத்தைப் 'படிக்க' முடியும். முதற்படியில் அது பொருள்களுக்குப் பெயரிடுகிறது: யானை, வாள், பல்லக்கு. அடுத்து வினைச்சொற்கள் வருகின்றன: ஓடுகிறது, எரிகிறது, வீழ்கிறான். மூன்றாவது படியே முக்கியமானது. ஓவியம் காலத்தையும் காரணத்தையும் தானே சொல்வதில்லை. வண்டி ஏன் எரிந்தது, அதன்பின் என்ன ஆயிற்று என்று ஆசிரியர் வினவும்போது, 'முதலில்', 'பிறகு', 'ஆகையால்' என்னும் இணைப்புச் சொற்களைக் குழந்தையே தேடிக் கொள்கிறது. தனிச் சொற்கள் தொடர்ந்த பேச்சாக மாறுவது இவ்விடத்தில்தான். இது வென்றவர் தீட்டுவித்த ஓவியம். தோற்றவர் வரைந்திருந்தால் எவ்வாறு இருக்கும் என்ற வினா, கற்பனையையும் ஆராயும் திறனையும் ஒருங்கே வளர்க்கும்.

தானே வரைவதிலும் இப்பயன் உண்டு. கோடும் வளைவும் இழுத்துப் பழகிய விரல்களுக்கு எழுத்து எளிதாகிறது. வரைந்ததைக் குழந்தை விவரிக்க, அச்சொற்களை ஆசிரியர் படத்தின் கீழ் எழுதிக் காட்டினால், அதுவே முதல் வாசிப்புப் பாடமாகிவிடும். வீட்டில் ஒரு மொழியும் பள்ளியில் வேறு மொழியும் பேசும் குழந்தைக்குப் படம் பாலமாக அமைகிறது.

காந்தியடிகள் 1937-இல் முன்வைத்த ஆதாரக் கல்வி, கைத்தொழிலை மையமாகக் கொண்டது. கலையோடு இணைந்த கற்பித்தலைத் தேசியக் கல்விக் கொள்கை 2020 வலியுறுத்துகிறது. எனினும், தேர்வு நெருங்கினால் முதலில் பறிபோவது ஓவிய வகுப்பே. வேறு சில வகுப்புகளிலோ, கரும்பலகையில் உள்ள மாம்பழத்தை அனைவரும் ஒரேவிதமாகப் பார்த்து வரைகின்றனர். அதில் படைப்பும் இல்லை, பேச்சும் இல்லை.

தாளுக்கும் வண்ணத்திற்கும் ஆகும் செலவு சிறிது. வாசிக்கத் தெரியாமலே மேல் வகுப்பிற்குச் செல்லும் குழந்தையால் நாட்டிற்கு நேரும் இழப்போ பெரிது. எனவே, பள்ளிகளைப் பார்வையிடும் அதிகாரிகள், 'ஓவிய வகுப்பு நடந்ததா?' என்று கேட்பதோடு நின்றுவிடாமல், 'வரைந்ததைப் பற்றிக் குழந்தை பேசியதா?' என்றும் கேட்டறிதல் வேண்டும்.