நம் கோயில் எந்த முக்கிமில் இருக்கிறது?



இன்றைய பாடம் ஒரே ஒரு சொல்லைப் பற்றியது. அந்தச் சொல் தெரியாமல் நான் செய்த தப்பிலிருந்தே தொடங்குகிறேன்.

நான் பிறந்து வளர்ந்தது கோலா தெர்லா, தேயிலைத் தோட்டத்து லயத்து வீடு. போன மாதம் எங்கள் கோயில் நிலம் சம்பந்தமாக ஒரு பாரம் நிரப்ப வேண்டியிருந்தது. "நீதாம்பா மலாய் நல்லா எழுதுவ" என்று சொல்லி தலைவர் ஐயா என் கையில் கொடுத்தார். மாநிலம்: பகாங். மாவட்டம்: கேமரன் மலை. அடுத்த வரியில் 'பண்டார் / பெக்கான் / முக்கிம்' என்று இருந்தது. நான் யோசிக்கவே இல்லை, 'தானா ராத்தா' என்று எழுதிவிட்டேன். ஓட்டுப் போடும்போது நம் சட்டமன்றத் தொகுதி தானா ராத்தாதானே!

பாரம் திரும்பி வந்தது. கோலா தெர்லா இருப்பது தானா ராத்தா முக்கிமில் இல்லை, உலு தெலோம் முக்கிமில். தலைவரிடம் போய்ச் சொன்னேன். அவர் கொஞ்ச நேரம் பேசவில்லை. அப்புறம், "சின்ன வயசுலேர்ந்து இந்தக் கோயில்ல விளக்கு ஏத்துறேன். இது எந்த முக்கிம்னு எனக்கும் தெரியாதேப்பா" என்றார்.

முக்கிம் என்றால் என்ன?

அரபு மொழியிலிருந்து மலாய்க்கு வந்த சொல் இது. மூலப் பொருள் 'ஓரிடத்தில் தங்கி வாழ்பவர்'. இன்றைக்கும் மலாயில் 'பெர்முக்கிம்' என்றால் குடியிருப்பது. பிறகு மக்கள் குடியிருக்கும் வட்டாரத்துக்கே அது பெயராகிவிட்டது. சுமத்ராவின் ஆச்சேயில் பல கிராமங்கள் சேர்ந்தது ஒரு முக்கிம். புருணையிலும் இந்தச் சொல் உண்டு. சிங்கப்பூரில் நில அளவைக்கு இன்றும் பயன்படுகிறது.

நம் நாட்டில் 1965ஆம் ஆண்டு தேசிய நிலச் சட்டத்தின் 11ஆம் பிரிவு இதற்கு இடம் தருகிறது. மாநில அரசு மாநிலத்தை மாவட்டங்களாகவும், மாவட்டத்தை முக்கிம்களாகவும் பிரிக்கலாம். பட்டணப் பகுதியைப் 'பண்டார்' என்றும் சிற்றூர்ப் பகுதியைப் 'பெக்கான்' என்றும் அறிவிக்கலாம். அதனால்தான் பாரத்தில் மூன்று சொற்களும் ஒரே வரியில் நிற்கின்றன. கேமரன் மலை மாவட்டத்தில் உலு தெலோம், தானா ராத்தா, ரிங்லெட் என்று மூன்று முக்கிம்கள். அவற்றில் மிகப் பெரியது நம் உலு தெலோம்தான்.

பெயரிலேயே பொருள் இருக்கிறது, பாருங்கள். 'உலு' என்றால் ஆற்றின் மேல்பகுதி. உலு தெலோம் என்றால் தெலோம் ஆற்றின் தலைப்பக்கம். 'கோலா' என்றால் ஆறு போய்ச் சேரும் இடம். தெர்லா ஆறு தெலோமில் சேரும் இடம்தான் நம் ஊர்.

குழப்பிக்கொள்ளக் கூடாதவை

தொகுதி வேறு, மாவட்டம் வேறு. கேமரன் மலை நாடாளுமன்றத் தொகுதியில் தானா ராத்தா, ஜெலாய் என்று இரண்டு சட்டமன்றத் தொகுதிகள். ஜெலாய் இருப்பதோ லிப்பிஸ் மாவட்டத்தில்! தொகுதி ஓட்டுக்கு, முக்கிம் நிலத்துக்கு.

மாநிலம் மாறினால் சொல்லும் மாறும். கம்போங் ராஜாவைத் தாண்டி லோஜிங் பக்கம் போனால் கிளந்தான். அங்கே மாவட்டத்துக்கு 'ஜாஜாஹான்' என்று பெயர். நாம் மாவட்டத்துக்குச் சொல்லும் 'டாயிரா' அங்கே அதற்குள் அடங்கிய சின்னப் பிரிவு. பெர்லிஸில் மாவட்டமே கிடையாது, நேராக முக்கிம்தான்.

நாம் வாய் நிறையச் சொல்லும் 'டிவிஷன்' தோட்ட நிர்வாகம் வேலைக்காகப் பிரித்தது. "நான் அந்த டிவிஷன் ஆளு" என்றால் ஊரில் எல்லாருக்கும் புரியும். நில அலுவலகத்தில் அது செல்லாது.

நமக்குப் புதுசா?

இல்லை. குருக்கள் சங்கல்பம் செய்யும்போது கவனித்திருக்கிறீர்களா? ஜம்பூத்வீபம் என்று பெரிய இடத்தில் தொடங்கி, படிப்படியாகச் சின்ன இடத்துக்கு வந்து, கடைசியில் நம் பெயர், நட்சத்திரம் சொல்வார். இறைவன் முன்னால்கூட எந்த இடத்தில் நிற்கிறோம் என்று சொல்லித்தான் வேண்டுகிறோம்.

1010இல் முடிந்த தஞ்சைப் பெரிய கோயிலின் கல்வெட்டுகளும் அப்படித்தான். பாண்டியகுலாசனி வளநாடு, அதற்குள் தஞ்சாவூர்க் கூற்றம், அதற்குள் தஞ்சாவூர் என்று இடத்தைக் குறிக்கின்றன. யார் கொடுத்தார், எவ்வளவு, எந்த ஊரிலிருந்து என்பதையும் கல்லிலேயே வெட்டி வைத்தார்கள். அதனால்தான் ஆயிரம் வருடம் கழித்தும் நமக்குத் தெரிகிறது.

நம் தாத்தா பாட்டிமார் காட்டை அழித்து, தேயிலை நட்டு, ஒரு கல்லை வைத்துக் கும்பிட்டார்கள். 'தங்கி வாழ்பவர்' என்ற சொல்லுக்கு அவர்களைவிடப் பொருத்தமானவர் யார்? ஆனால் நிலம் யார் பெயரில் இருக்கிறது என்று எழுதி வைக்க அவர்களுக்கு யாரும் சொல்லித்தரவில்லை. அவர்களைக் குறை சொல்லி என்ன பயன்? நாம் படித்திருக்கிறோம். இது நம் வேலை.

இந்த மாதப் பயிற்சி

உங்கள் கோயில் கமிட்டியிடம் மரியாதையாகக் கேட்டு, ஒரு நோட்டில் நான்கு வரி எழுதுங்கள்:

1. மாநிலம், மாவட்டம்
2. பண்டார், பெக்கான், முக்கிம்: இவற்றில் எது? அதன் பெயர் என்ன?
3. லாட் எண்
4. நிலம் யார் பெயரில் இருக்கிறது: கோயிலா, தோட்டமா, அரசாங்கமா?

லாட் எண் மட்டும் போதாது. ஒரே எண் வேறு வேறு முக்கிமில் வரும். முக்கிம் பெயரும் சேர்ந்தால்தான் அது எந்த நிலம் என்று தெரியும். நாலாவது கேள்விக்குப் பதில் தெரியவில்லை என்றால் அதையும் அப்படியே எழுதுங்கள். வெட்கப்பட ஒன்றுமில்லை. எங்கள் நோட்டிலும் அந்த வரி இன்னும் காலிதான்.

பாரத்தைத் திருத்தி மறுபடியும் கொடுத்துவிட்டோம். பதில் இன்னும் வரவில்லை. ஆனால் போன வெள்ளிக்கிழமை பூஜை முடிந்ததும் தலைவர் ஐயா சின்னப் பிள்ளைகளைக் கூப்பிட்டு உட்கார வைத்து, "நம்ம கோயில் எந்த முக்கிம்?" என்று கேட்டார். "உலு தெலோம்!" என்று எல்லாரும் ஒரே குரலில் கத்தினார்கள்.