சோயாக்கட்டியும் சைவர் அடுக்களையும்

சைவபாடசாலை ஆசிரியர்களாகிய அன்பர்களுக்கு இம்முறை அடுக்களைப் பொருளொன்றைக் குறித்து எழுதப் புகுந்தோம். சமய விசாரத்துக்குரிய இப்பத்திரிகையிலே கறியாக்கும் வகை கூறுதல் தகுமோ என்று ஐயுறுவாரும் உளர். நாவலரவர்கள் சிறுவர்க்கென்று செய்த பாலபாடத்திலே புலாலுண்ணலைத் தனித்ததொரு பாடமாக வைத்தமையை அவர்கள் சிந்திப்பார்களாக.

சின்னாட்களுக்கு முன் ஒரு பாடசாலையிலே, நண்பகலில் ஒரு சிறுவன் தன் சோற்றுப்பொதியை அவிழ்த்தபோது, அயலிலிருந்தவன் கறியைப் பார்த்து, "நீ மச்சம் உண்கின்றாய்" என்றான். "இது சோயாமீற், சைவமென்று அம்மா சொன்னார்" என்றான் இவன். இருவரும் ஆசிரியரிடம் போயினர். அவர், "மீற் என்று பெயர் இருக்கின்றதே, உண்ணாது விடுதல் நன்று" என்று சொல்லிவிட்டார். சிறுவன் அன்று வெறுஞ்சோறு உண்டான். அவன் வீட்டிலே அன்றைக்கு வேறு கறி ஆக்கப்படவில்லை என்பது ஆசிரியருக்குப் பின்னரே தெரிந்தது. அதனை அவரே நம்மிடம் சொல்லி வருந்தினார்.

சோயா என்பது உழுந்து, பயறு, கௌபி என்பவற்றின் இனத்ததாகிய ஓர் அவரை. அதன் வித்தினின்று எண்ணெயை எடுத்தபின் எஞ்சுவதை மாவாக்கி, நீர் சேர்த்துப் பிசைந்து, திருகாணி பொருந்திய இயந்திரத்திலே மிகுந்த வெப்பத்தோடும் அழுத்தத்தோடும் சிறு துவாரத்தின் வழியே தள்ளுவர். வெளிப்பட்ட கணத்திலே உள்ளிருந்த நீர் ஆவியாகி விரிதலால் அது பொரிபோலப் பொருமி, நார்நாராக அமைகின்றது. அதனைத் துண்டாக்கி உலர்த்துவர். இம்முறை 1960 தொடக்கமான பத்தாண்டிலே அமெரிக்காவில் வழக்குக்கு வந்தது. சுவை சேர்க்கப்படாத கட்டியிலே ஊன் அணுவளவும் இல்லை. நார்த்தன்மையினால் இறைச்சியின் தோற்றம் உண்டாயிற்று, அவ்வளவே.

திருவள்ளுவர் புலான்மறுத்தலை அருளுடைமையை அடுத்து வைத்தார். உயிர்க்கொலையும் அதனால் வந்த ஊனுமே விலக்கப்பட்டன. பெயரும் வடிவமும் அல்ல. அவ்வளவைக்கொண்டு நோக்குமிடத்து, அச்சிறுவனுடைய தாயார் சொன்னதே சரி.

உணவின் வலியும் சிறிதன்று. உலர்ந்த கட்டி 100 கிராமிலே ஏறக்குறைய 50 கிராம் புரதம் உண்டு. மைசூர்ப்பருப்பிலே அதிற் பாதியளவே. வளரும் பிள்ளைகளுள்ள எளிய குடும்பத்தார்க்கு இது பேருதவியாம். எனினும் பன்னிரண்டாம் பி உயிர்ச்சத்து இதில் இயல்பாக இல்லாமையால், பாலையும் தயிரையும் விட்டுவிடலாகாது. சோயா ஒவ்வாத பிள்ளைகளும் சிலர் உளர், அவர்களுக்குக் கொடாதொழிக.

அஃதேல் குற்றம் ஒன்றும் இல்லையோவெனின், உண்டு. அது கட்டியில் அன்று, உறையில் உள்ளது. கோழிச்சுவை, இறாற்சுவை, கணவாய்ச்சுவை என்று பெயரிட்டு, அவ்வச்சுவைத்தூளைச் சிறு பொதியாக உள்ளே வைத்தும், கட்டியிலேயே கலந்தும் விற்கின்றனர். அச்சுவை சிலவற்றில் தாவரத்தினின்றும் சிலவற்றில் பிராணிகளினின்றும் எடுக்கப்படுவது. முட்டையின் வெள்ளைக்கருவைச் சேர்ப்பனவும் உள. ஆதலால் உறையிற் சேர்பொருள் அச்சிட்டிருக்கும் பகுதியை முற்றாக வாசித்தல் வேண்டும். எழுத்தறிவித்தலின் பயன் இத்தகைய இடத்திலன்றோ விளங்கும்!

சுவைத்தூள் தாவரத்தினின்றே வந்ததாயினும் நாம் அதனை விரும்பேம். சீனதேசத்துப் பௌத்த மடங்களிலே கோதுமைப் பசையையும் சோயாத் தயிர்க்கட்டியையும் கொண்டு வாத்துப்போலவும் மீன்போலவும் உணவு சமைக்கும் வழக்கம் நெடுங்காலமாக உண்டு. புலாலை விட முயல்வோனுக்கு அது ஓர் ஊன்றுகோலாகலாம். நடக்க வல்ல குழந்தைக்கு ஊன்றுகோல் எதற்கு? பிறந்தது தொட்டு மச்சம் அறியாத பிள்ளையின் நாவுக்குக் கோழியின் சுவையை நாமே பழக்குவது பேதைமையாம். சோயாமீற் என்பதையும் விட்டுச் சோயாக்கட்டி என்றே வழங்குக.

இனிச் சமைக்கும் வகை. சுவை சேராத கட்டி 100 கிராமைக் கொதிநீரிலே சிறிது உப்போடு இட்டு, அடுப்பினின்று இறக்கிப் பத்து நிமிடம் மூடிவைக்க. அது நீரை உண்டு ஏறக்குறைய மூன்று மடங்கு நிறையாகும். பின் தண்ணீரில் அலசி, உள்ளங்கைகளுக்கிடையில் வைத்து நன்றாகப் பிழிக. இங்ஙனம் இருமுறையேனும் செய்க. கறி கெடுவது பெரும்பாலும் இவ்விடத்திலேதான். பிழியாது விட்டால் பச்சையவரை மணம் நீங்காது. கட்டி நீரால் நிறைந்திருத்தலின் உறைப்பும் புளிப்பும் உள்ளே செல்லா.

எண்ணெயிலே வெங்காயம், பச்சைமிளகாய், கறிவேப்பிலை, பெருஞ்சீரகம், சிறிது வெந்தயம் என்பவற்றைத் தாளித்து, கட்டியை இட்டுப் பொன்னிறமாக வதக்குக. வறுத்த கறித்தூளும் மஞ்சளும் உப்பும் இட்டு, உருளைக்கிழங்கோ முருங்கைக்காயோ சேர்த்துக் கப்பிப்பாலில் வேகவிடுக. வெந்தபின் முதற்பால் விட்டு ஒரு கொதியில் இறக்கி, ஆறத்தொடங்கியதும் தேசிப்புளி விடுக. விரதநாளில் வெங்காயத்தை நீக்கி, இஞ்சியும் நற்சீரகமும் கொள்ளலாம். உறையில் வந்த சுவைத்தூளுக்கு இங்கே வேலையில்லை. நம் கறித்தூளின் முன் அது நில்லாது.

ஆசிரியர்கள் ஒருநாள் வகுப்புக்குச் சோயாவித்து ஒரு பிடியும் உலர்ந்த கட்டி சிலவும் கொண்டுசென்று, பிள்ளைகள் காண வெந்நீரில் இடுவார்களாக. முன்சொன்ன ஆசிரியர் அங்ஙனமே செய்தார். ஊறிய கட்டியை முதலிற் பிழிந்து பார்த்தவன், "மச்சம்" என்று சொன்ன அச்சிறுவனே.