இணைய மேப்பில் உங்கள் தகவல்களை முறையாகச் சேர்ப்பது எப்படி?

உங்கள் பகுதியில் உள்ள மருந்துக் கடைகள், பஸ் நிறுத்தங்கள் போன்றவற்றை ஒரு மேப்பில் குறித்து மற்றவர்களுக்குக் காட்ட விரும்புகிறீர்களா? பலரும் இணையத்தில் மேப்பைத் திறந்து, பிரிண்ட் ஸ்கிரீன் கீயை அழுத்தி, பெயிண்ட் புரோகிராமில் ஒட்டிச் சிவப்புப் புள்ளி வைப்பார்கள்.

கல்லூரியில் படித்தபோது நானும் அப்படித்தான் செய்தேன். எங்கள் குடியிருப்போர் சங்கக் கையேட்டுக்காக, தண்ணீர் லாரி நிற்கும் இடங்களைக் குறித்துப் படம் தயாரித்தேன். மூலையில் இருந்த உரிமை வரி அழகைக் கெடுக்கிறது என்று வெட்டிவிட்டேன். அச்சகத்தில், "இது யாருடைய மேப்? அனுமதி இருக்கிறதா?" என்று கேட்டார்கள். என்னிடம் பதில் இல்லை. கையேடு மேப் இல்லாமலேயே அச்சானது. அந்தக் கோடையில் லாரி எங்கே வரும் என்று கேட்டுப் பலர் எங்கள் வீட்டுக் கதவைத் தட்டினார்கள்.

என் தவறு என்ன? அடுத்தவர் படத்தையும் என் தகவலையும் ஒன்றாகக் குழைத்ததுதான். இரண்டையும் தனித்தனியே வைத்திருக்க வேண்டும்.

மேப் எப்படி இயங்குகிறது?

திரையில் தெரியும் மேப் ஒரே படமல்ல. பெரும்பாலும் 256 பிக்சல் அகலமும் உயரமும் கொண்ட சதுரத் துண்டுகளாக, அதன் உரிமையாளரின் சர்வரிலிருந்து வருகிறது. இதன் மேல், ஒளி ஊடுருவும் தாளை விரித்தது போல, உங்கள் புள்ளிகள் தனி அடுக்காக அமரும். இந்த அடுக்கிற்கு லேயர் என்று பெயர். லேயரில் உள்ளது உங்களுடையது. கீழே உள்ள படம் அவர்களுடையது.

கூகுள் மேப்ஸ் 2005 பிப்ரவரியில் வந்தது. சில வாரங்களிலேயே பால் ராடமேக்கர் என்ற புரோகிராமர், கிரெய்க்ஸ்லிஸ்ட் தளத்தின் வீட்டு விளம்பரங்களை அதன் மேல் பொருத்திக் காட்டினார். அப்போது அதற்கு முறையான வழி இல்லை. அதே ஆண்டு ஜூனில் கூகுளே அதற்கான ஏபிஐ வசதியை வெளியிட்டது. ஆனால் மேப் துண்டுகளை மொத்தமாக இறக்கிச் சேமிப்பதையும், அவற்றைப் பார்த்து வரைந்து வேறு மேப் தயாரிப்பதையும் கூகுளின் விதிமுறைகள் தடுக்கின்றன.

2004-ல் தொடங்கிய ஓப்பன்ஸ்ட்ரீட்மேப், தன்னார்வலர்கள் உருவாக்கும் மேப். அதன் தகவல்களை யாரும் பயன்படுத்தலாம், அச்சிடலாம். "ஓப்பன்ஸ்ட்ரீட்மேப் பங்களிப்பாளர்கள்" என்ற நன்றி வரி கட்டாயம் இருக்க வேண்டும். 2015 டிசம்பர் வெள்ளத்தின்போது, சென்னையில் நீர் தேங்கிய தெருக்களை மக்களே கிளிக் செய்து குறித்த மேப் இதன் மேல்தான் அமைந்தது.

செய்து பார்ப்போமா?

1. எக்ஸெல்லில் மூன்று நெட்டு வரிசைகள் அமையுங்கள். முதலாவதற்கு நேம் என்று ஆங்கிலத்தில் தலைப்பிடுங்கள். மற்ற இரண்டுக்கும் லாட்டிட்யூட், லாங்கிட்யூட் என்ற ஆங்கிலச் சொற்களின் முதல் மூன்று எழுத்துகள் போதும். எல்லாம் சிறிய எழுத்தில் இருக்கட்டும்.

2. இடத்தின் பெயரையும் எண்களையும் நிரப்புங்கள். உதாரணமாக, சென்னைக்கு ஏறத்தாழ 13.08, 80.27. எண்களை வேறு மேப்பிலிருந்து எடுக்காமல், நேரில் சென்று போனின் ஜிபிஎஸ் மூலம் எடுங்கள். அப்போது தகவல் முழுவதும் உங்களுடையது.

3. பைலை சிஎஸ்வி யுடிஎஃப்-8 வகையில் சேவ் செய்யுங்கள். சாதாரண சிஎஸ்வி என்றால் தமிழ்ப் பெயர்கள் கேள்விக்குறிகளாகிவிடும்.

4. யுமேப் தளத்தில் ஓப்பன்ஸ்ட்ரீட்மேப் கணக்கு மூலம் நுழைந்து, புதிய மேப் உருவாக்குங்கள். இம்போர்ட் பகுதியில் பைலைக் கொடுத்தால் புள்ளிகள் வந்து அமரும். பிறகு சேவ் செய்யுங்கள்.

லாரி நிற்கும் இடம் மாறினால், அந்த ஒரு புள்ளியை மட்டும் நகர்த்தினால் போதும். படத்தை மீண்டும் தயாரிக்க வேண்டியதில்லை.

இரண்டு எச்சரிக்கைகள். மூலையில் உள்ள நன்றி வரியை மறைக்காதீர்கள். அனுமதியின்றி எவருடைய வீட்டையும் போன் எண்ணையும் மேப்பில் குறிக்காதீர்கள். இனி யாராவது "இது யாருடைய மேப்?" என்று கேட்டால், தயங்காமல் பதில் சொல்லலாம்.