ஸ்லோ ஸ்க்ரூவில் கை வைக்க விடாதே, தங்கச்சி

வில்கமுவைக்கு மாற்றலாகிப் போனதிலிருந்து உன் கொரோலாவின் புலம்பல்தான் ஃபோனில் பாதி நேரம். நிற்கும்போது உடம்பெல்லாம் நடுங்குது, ஏசி போட்டால் ஓஃப் ஆகப் பார்க்குது, மிதித்தால் மட்டும் நல்லா ஓடுது. கராஜ் பாஸ் ஸ்லோ ஸ்க்ரூவை அரைச் சுற்று திருப்பி, நிற்கும்போதுள்ள ரேஸைக் கூட்டி, "இப்ப சரி மிஸ்" என்று அனுப்பிவிட்டார், இல்லையா? ரேஸைக் கூட்டினால் நடுக்கம் மறையும், பெற்றோல் கூடச் செலவாகும். ஆனால் நடுக்கத்துக்குக் காரணமான அழுக்கு இருந்த இடத்திலேயே இருக்கும்.

இதைச் சும்மா விடக்கூடாது. ரிவர்ஸ்டன் தாண்டி இரத்தோட்டைக்கு இறங்கும் வளைவில் எஞ்சின் நின்றால் பிரேக்குக்குக் கிடைக்கும் வெற்றிட உதவியும் நின்றுவிடும். இரண்டு மூன்று மிதிக்குப் பிறகு பெடல் கல்லாகிவிடும், பவர் ஸ்டீயரிங்கும் கனத்துப்போகும். வஸ்கமுவ காட்டுப் பக்கம் பொழுதுபட்ட நேரத்தில் யானைக்கு முன்னால் ஓஃப் ஆவதைப் பற்றி நான் சொல்லத் தேவையில்லை.

நடுக்கம் வருவது இப்படித்தான்: அக்ஸிலரேட்டரிலிருந்து கால் எடுத்ததும் த்ரொட்டில் தட்டு கிட்டத்தட்ட மூடிக்கொள்ளும். அதன் விளிம்பில் மயிரிழை இடைவெளி, பக்கத்தில் ஐடில் வால்வு, அவ்வளவுதான் எஞ்சினுக்கு மூச்சு. டெப்பட் கவரிலிருந்து திரும்பி வரும் ஒயில் ஆவி அங்கே படிந்து, உங்கள் ரோட்டுத் தூசியோடு சேர்ந்து தாராகிவிடுகிறது. மிதித்தால் தட்டு அகலத் திறப்பதால் குறை தெரிவதில்லை.

முதலில் எயார் ஃபில்டரைக் கழற்று. அறுவடைக் காலத்தில் அதில் பதரும் இருக்கும். உள்ளேயிருந்து வெளியே காற்றடி. கறுத்திருந்தால் புதுசு போடு. பிறகு ரப்பர் ஹோஸ்களை ஒவ்வொன்றாக வளைத்துப் பார். வெடித்த ஹோஸ் "ஸ்ஸ்" என்று காற்று இழுக்கும். அது இருக்கும்வரை எதைக் கழுவியும் பயனில்லை.

எஞ்சின் ஆறிய பிறகு, பற்றரியின் மைனஸைக் கழற்றிவிட்டு, த்ரொட்டில் பொடியின் குழாயை எடு. தட்டைத் திறந்து அதன் பின்பக்கம் விரலை விடு, கறுப்புப் பிசின் ஒட்டும். கார்ப் கிளீனரைப் பழைய பனியன் துணியில் அடித்துத் துடை. மூலைக்கு டூத் பிரஷ். உன் காரில் கேபிள் என்பதால் தட்டைக் கையால் திறக்கலாம். மோட்டரில் இயங்கும் புதிய வகையில் விரலால் தள்ளாதே. திறந்த வெளியில் வேலை செய், கண்ணாடி போட்டுக்கொள், பக்கத்தில் யாரும் சிகரட் பற்றவைக்கக்கூடாது.

ஐடில் வால்வு உன் காரில் த்ரொட்டில் பொடிக்குக் கீழே இருக்கிறது. கூலன்ட் அதற்குள் ஓடுவதால் சூட்டில் கழற்றாதே. கேஸ்கெட் புதுசாக வாங்கி வை. மின் பக்கத்தை நனைக்காமல் வாயை மட்டும் கழுவு. கையோடு, அந்த ஒயில் ஆவியைத் திருப்பி விடும் பிசிவி வால்வையும் எடுத்துக் காதருகே குலுக்கு. "டக் டக்" என்றால் உயிரோடு இருக்கிறது. சத்தமில்லாவிட்டால் மாற்று, விலை சொற்பம்.

நிசான் சனி வைத்திருக்கும் உன் தோழிக்கு ஒரு வார்த்தை: காற்றளக்கும் சென்சரின் கம்பியைத் தொடவேண்டாம், கார்ப் கிளீனரும் வேண்டாம், அதற்கென்று தனி ஸ்பிரே உண்டு. மாருதி 800, டிஎக்ஸ் வேகன் மாதிரிக் கார்பரேட்டர் வண்டியென்றால் குற்றவாளி பெரும்பாலும் ஸ்லோ ஜெட். 2022 பெற்றோல் வரிசைக் காலத்தில் கேனில் தேக்கியதன் கசடு இன்னும் சில டாங்கிகளின் அடியில் கிடக்கிறது. பித்தளை ஜெட்டைக் கம்பியால் குத்தினால் துளை பெரிதாகி வாழ்நாள் தொல்லை, காற்றடித்தே எடுக்கவேண்டும்.

மாட்டி ஸ்டார்ட் செய்ததும் புகை வரும், ரேஸ் ஏறி இறங்கும். பயப்படாதே, கொஞ்சம் ஓடவிடு. சூடேறியபின் 700, 800 சுற்றில் நின்றால் போதும். அதற்குமேல் பறந்தால் பாஸ் திருப்பிய ஸ்க்ரூவை அவரையே பழைய இடத்துக்குக் கொண்டுவரச் சொல்.

இலங்கையில் 2020 மார்ச்சில் நிறுத்திய கார் இறக்குமதியை 2025 பெப்ரவரியில் திறந்துவிட்டார்கள்தான்; ஆனால் விலையைக் கேட்டபின் உன் பழசைத் தேய்த்துத் துடைக்கச் சொல்ல எனக்கு ஒரு தயக்கமும் இல்லை.

இத்தனைக்குப் பிறகும் துள்ளினால் பிளக்குகளைக் கழற்று. நாலில் ஒன்று மட்டும் எண்ணெயில் ஊறியிருந்தால் அது கழுவித் தீராத நோய். கம்ப்ரெஷன் பார்க்கும் மீற்றர் உள்ள கராஜுக்கு, மகியங்கனைக்கோ மாத்தளைக்கோ, கொண்டுபோ.