தொட்டி மீனுக்கு நோயா? மருந்துக்கு முன் தண்ணீரைப் பாருங்கள்

ஐப்பசி மழை பிடித்துவிட்டால் காரைக்காலில் மீன் தொட்டி வைத்திருக்கும் வீடுகளில் ஒரே புலம்பல்தான்: "மீன் சோர்ந்து கிடக்கு, என்ன மருந்து போடறது?"

1. எல்லா மீனும் ஒரே சமயத்தில் மேலே வந்து வாயைத் திறந்து திறந்து மூடினால், பெரும்பாலும் அது தண்ணீர்க் கோளாறு. கழிவால் அம்மோனியா ஏறியிருக்கும். இல்லையென்றால் கரண்ட் போய் ஏர் பம்ப் நின்றிருக்கும். மூன்றில் ஒரு பங்குத் தண்ணீரை மாற்றி, பம்பை ஓடவிடுங்கள். ஒன்றிரண்டு மட்டும் மூலையில் ஒதுங்கி, துடுப்பை உடம்போடு ஒட்டிக்கொண்டு நின்றால் நோயைச் சந்தேகிக்கலாம்.

2. குழாய்த் தண்ணீரில் குளோரின் இருக்கும். வாயகன்ற வாளியில் ஒரு நாள் திறந்து வைத்துவிட்டு ஊற்றுங்கள். கடலோரப் பக்கம் போர் தண்ணீர் உப்புக் கரிக்கும். அதில் மாலி நன்றாகவே வாழும்; நியான் டெட்ரா தாங்காது. ஊர்த் தண்ணீருக்கு ஏற்ற மீனை வாங்குவது பாதி வைத்தியம்.

3. ஃபில்டர் ஸ்பாஞ்சைக் குழாயடியில் தேய்த்துக் கழுவாதீர்கள். அம்மோனியாவைத் தின்னும் நல்ல பாக்டீரியா அதில்தான் குடியிருக்கிறது. தொட்டியிலிருந்து எடுத்த தண்ணீரிலேயே பிழிந்தால் போதும். புதுத் தொட்டியில் இந்த பாக்டீரியா நிலைபெற 4 முதல் 6 வாரம் ஆகும்.

4. உடம்பிலும் துடுப்பிலும் உப்புத்தூள் தூவியதுபோல் வெள்ளைப் புள்ளிகள், மீன் கல்லில் உரசிக்கொள்கிறது என்றால் வெண்புள்ளி நோய். மழையில் தண்ணீர் திடீரென்று குளிரும்போது தலைகாட்டும். தோலுக்கடியில் இருக்கும் ஒட்டுண்ணியை மருந்து எட்டாது. அது உதிர்ந்து, அடியில் போய்ப் பெருகி, குஞ்சுகள் நீந்தி வரும்போதுதான் சாகும். அதனால் ஹீட்டர் வைத்து 28 முதல் 30 டிகிரிக்கு மெல்ல ஏற்றுங்கள், சுழற்சி வேகமாகும். சூடான நீரில் ஆக்சிஜன் குறையும், காற்று கூடுதலாக விடுங்கள். புள்ளி மறைந்த பிறகும் ஒரு வாரம் வைத்தியத்தைத் தொடருங்கள். பலர் கோட்டை விடுவது இங்கேதான்.

5. ஆண் கோல்டு ஃபிஷ்ஷுக்குச் செவுள் மூடியிலும் முன்துடுப்பின் விளிம்பிலும் மட்டும் வரிசையாக வெள்ளைப் பொட்டு வந்தால், அது இனப்பெருக்கக் கால அடையாளம். அதற்கு மருந்து ஊற்றிக் கொல்ல வேண்டாம்.

6. வெண்புள்ளிக்கு அயோடின் சேராத கல் உப்பு நல்ல மருந்து: லிட்டருக்கு 2 கிராம். தொட்டியின் நீளம், அகலம், நீர் உயரத்தை சென்டிமீட்டரில் பெருக்கி 1000-ஆல் வகுத்தால் லிட்டர் கிடைக்கும். 60 × 30 × 30 என்றால் 54 லிட்டர்; கல், மணலைக் கழித்தால் ஏறக்குறைய 45. ஆக 90 கிராம். கரைத்து, ஒரு நாளில் மூன்று தவணையாக ஊற்றுங்கள். உப்பு ஆவியாகாது, மாற்றும் தண்ணீருக்கு மட்டும் புதிதாகச் சேர்த்தால் போதும். கெளுத்தி, டெட்ரா வகைகளுக்கும் செடி உள்ள தொட்டிக்கும் இது ஆகாது.

7. துடுப்பு ஓரம் கிழிந்து வெளுத்தால் துடுப்பழுகல். காயத்தின் மேல் பஞ்சுபோல் வளர்ந்தால் பெரும்பாலும் பூஞ்சை. இரண்டுக்குமே அடிப்படை அழுக்குத் தண்ணீர்.

8. மெத்திலீன் ப்ளூ மருந்தைத் தனி டப்பில் மட்டும் பயன்படுத்துங்கள். பெரிய தொட்டியில் ஊற்றினால் நல்ல பாக்டீரியாவும் போகும், சிலிகான் ஒட்டும் நீலமாகும்.

9. வயிறு உப்பி, செதில்கள் விறைத்து நின்றால் உள்ளுறுப்பு கெட்டிருக்கிறது. பிழைப்பது அரிது. தனியே பிரித்துவிடுங்கள்.

10. கோல்டு ஃபிஷ் மல்லாந்து மிதந்தால் இரண்டு நாள் தீனியை நிறுத்துங்கள். பிறகு தோலுரித்து வேகவைத்த பட்டாணி கொஞ்சம்.

11. மனிதருக்கான ஆன்டிபயாட்டிக் கேப்ஸ்யூலைப் பிரித்துத் தொட்டியில் கொட்டுவது வைத்தியமே அல்ல.

12. சென்னை கொளத்தூரிலிருந்து வந்த மீனானாலும் பக்கத்துக் கடை மீனானாலும், இரண்டு மூன்று வாரம் தனித் தொட்டியில் வைத்துப் பார்த்த பிறகே மற்றவற்றோடு விடுங்கள். வலையும் வேறாக இருக்கட்டும்.

13. தொடர்ந்து சாகிறதா? நாகப்பட்டினத்தில் 2012 முதல் மீன்வளப் பல்கலைக்கழகம் இருக்கிறது. அங்கே விசாரித்துவிட்டு, நோயுற்ற மீனை உயிரோடு ஒரு பையிலும் தொட்டித் தண்ணீரைத் தனி பாட்டிலிலும் கொண்டு போங்கள். செத்த மீன் சீக்கிரம் கெட்டுவிடும், அதில் ஒன்றும் தெரியாது.

14. கையில் வெட்டுக்காயம் இருந்தால் தொட்டிக்குள் விடாதீர்கள். மீனின் ஒருவகை பாக்டீரியா நம் தோலையும் தொற்றும். செத்ததைக் குழிதோண்டிப் புதையுங்கள். பிழைத்ததோ, வேண்டாததோ, தொட்டி மீன் எதையும் அரசலாற்றிலோ கோயில் குளத்திலோ விட்டுவிடாதீர்கள்.